ஐந்து தாழ்ப்பாளும் ஒரு தங்கச் சாவியும்

எங்கள் பள்ளிக்கூடத்து நடைக்கூடத்தில் மொத்தம் முப்பது சுவர்க் கடிகாரங்கள் தொங்குகின்றன. ஒன்றுகூட ஓடவில்லை. ஒவ்வொன்றின் கீழும் ஒரு பித்தளைத் தகடு, அதில் 'இறுதி வகுப்பு மாணவ மாணவியரின் அன்புப் பரிசு' என்று எழுத்து. பள்ளியை விட்டுப் போகிற வகுப்பு ஒரு நினைவுப் பரிசு கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும், அது மரபு. கடிகாரமாகத்தான் இருக்க வேண்டும் என்று எவரும் சட்டம் போடவில்லை. முதல் வகுப்பு கடிகாரம் கொடுத்தது, இரண்டாவது வகுப்பு அதைப் பார்த்துக் கொடுத்தது, அதற்கப்புறம் யோசிக்க யாருக்கும் நேரமில்லை. பேட்டரி மாற்றுவது மட்டும் மரபில் சேரவில்லை.

இதே நடைக்கூடம் முடிகிற இடத்தில் வலது பக்கம் திரும்பினால் மாணவியர் கழிப்பறை. ஐந்து அறைகள், ஐந்து கதவுகள். எந்தக் கதவிலும் தாழ்ப்பாள் கிடையாது. ஒரு காலத்தில் இருந்திருக்கிறது, உள்பக்கம் திருகாணித் துளைகள் இருக்கின்றன. அதனால் எங்கள் பள்ளியில் எந்தப் பெண்ணும் தனியாகக் கழிப்பறைக்குப் போனதில்லை. ஜோடியாகத்தான் போவோம். ஒருத்தி உள்ளே, இன்னொருத்தி வெளியே நின்று கதவைக் காலால் முட்டுக்கொடுத்துக்கொண்டிருப்பாள். உள்ளே இருப்பவள் பத்து விநாடிக்கு ஒருமுறை "இருக்கியா?" என்பாள். வெளியே இருப்பவள் "இருக்கேன்" என்பாள். ஆறாம் வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து நான் இந்தப் பாட்டைப் பாடிக்கொண்டிருக்கிறேன்.

என் தங்கை இந்த ஆண்டுதான் ஆறாம் வகுப்பில் சேர்ந்தாள். வீட்டில் அவளுக்குப் பொடி என்று பெயர். எனக்கு வெடி என்று பெயர், வீட்டிலும் வெளியிலும். பள்ளி திறந்து மூன்றாவது வாரம், பொடிக்குக் கதவு பிடித்துக்கொண்டிருந்த அவள் வகுப்புத் தோழி, மணி அடித்ததும் பழக்கதோஷத்தில் வகுப்புக்கு ஓடிவிட்டாள். பொடி உள்ளேயிருந்து "இருக்கியா?" என்று கேட்டிருக்கிறாள். பதில் வரவில்லை. காற்றுக்குக் கதவு தானாகத் திறந்துகொண்டது. எதிரே விளையாட்டு மைதானம், பந்து பொறுக்க வந்த நாலு பையன்கள்.

அன்றிலிருந்து பொடி பள்ளியில் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. காலையில் நிரப்பிக் கொடுத்த பாட்டிலை மாலையில் அப்படியே கொண்டுவந்து வீட்டுத் தொட்டிச் செடிக்கு ஊற்றிவிடுவாள். செடி நன்றாக வளர்ந்தது, இவளுக்குக் காய்ச்சல் வந்தது. என் அம்மா மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஊரார் சிறுநீரை எல்லாம் சோதித்து ரிப்போர்ட் எழுதுகிறவள், ஒரு நாள் சொந்த மகளின் ரிப்போர்ட்டையும் எழுதினாள்.

"யாரோட சாம்பிளோ மாறிப்போச்சுன்னு நெனச்சு ரெண்டு தடவ பாத்தேன்டி. மாறல," என்றாள் அம்மா, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடி.

நாலு நாள் படுக்கை, கையில் ஊசி. டாக்டர் சொன்னது ஒரே ஒரு விஷயம்: தண்ணீர் குடிக்க வேண்டும், அடக்கி வைக்கக் கூடாது, இன்னொரு முறை வந்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்து. பொடி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பள்ளிக்குத் திரும்பினாள். தொட்டிச் செடி மறுபடி செழித்தது.

நான் எடுத்த அவதாரம் எல்லாம் அதனால் எடுத்ததுதான். எனக்கொன்றும் சமூக சேவை நோய் கிடையாது.

நினைவுப் பரிசுக் கூட்டம் வேதியியல் ஆய்வகத்தில் நடந்தது. எங்கள் வகுப்பில் நாற்பத்தொரு பேர், பையன்கள் இருபத்திரண்டு, பெண்கள் பத்தொன்பது. கூட்டத்தை நடத்தியவன் வகுப்புத் தலைவன். இவனை எல்லோரும் ஸ்டைல் என்று கூப்பிடுவோம், ஏனென்றால் பதில் தெரியாத கேள்விக்குக்கூடத் தலைமுடியைக் கோதிவிட்டுத்தான் தெரியாது என்பான்.

"இந்த வருஷம் நாம புதுசா ஒண்ணு பண்றோம்," என்று ஆரம்பித்தான் ஸ்டைல். எனக்கே ஒரு நிமிடம் நம்பிக்கை வந்துவிட்டது. "டிஜிட்டல் கடிகாரம்."

பையன்கள் கைதட்டினார்கள். நான் எழுந்தேன்.

"பொண்ணுங்க டாய்லெட்டுக்கு அஞ்சு தாப்பாள்," என்றேன்.

சிரித்தார்கள் பாருங்கள், அமிலப் புட்டிகள் எல்லாம் அலமாரியில் ஆடின. ஒருவன் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். இன்னொருவன், "தகட்ட எங்க மாட்டுறது? உள்ளயா?" என்று கேட்டான். ஸ்டைல் தலையைக் கோதிக்கொண்டு, "வெடி, பரிசுன்னா நாலு பேரு பாக்குற மாதிரி இருக்கணும்," என்றான்.

"நாலு பேரு பாத்துட்டாங்கடா, அதான் பிரச்சினையே!" என்றேன். பெண்கள் பக்கம் யாரும் சிரிக்கவில்லை.

எனக்கு ஆத்திரம் வந்தால் நாக்கு சும்மா இருக்காது, காலும் சும்மா இருக்காது. மொத்தக் கூட்டத்தையும் நடைக்கூடத்துக்குக் கூட்டிப்போய் முப்பது கடிகாரத்தையும் காட்டினேன். "இது பத்தே கால். இது மூணு. இதுல முள்ளே இல்ல. உங்க பேரு எந்த நேரத்துல செத்துத் தொங்கணும்னு சொல்லுங்க, மாட்டிடலாம்." சில முகங்கள் லேசாக மாறின. சீட்டு எழுதிப் போடும் ரகசிய வாக்கெடுப்பு. தாழ்ப்பாளுக்கு இருபத்திரண்டு, கடிகாரத்துக்குப் பத்தொன்பது. மூன்று பையன்கள் எங்கள் பக்கம் போட்டிருக்கிறார்கள். அது யார் என்று இன்றுவரை ஒருவனும் ஒத்துக்கொள்ளவில்லை. நல்ல காரியம் செய்ததற்கு இப்படி ஒளிந்து திரிகிற ஜென்மங்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அடுத்து தலைமையாசிரியர். அவருக்கு ஒலிபெருக்கி என்றால் உயிர். அறையில் மூன்று பேர் இருந்தாலும் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். நாங்கள் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் கசப்பு மருந்து குடித்த மாதிரி ஆகிவிட்டது.

"விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் வர்றாங்க. நம்ம பழைய மாணவி. இன்னைக்கு நூறு பஸ் வச்சு ஓட்டுறாங்க. அவங்க கையால திரை விலக்கணும். கழிப்பறைக் கதவுக்கா திரை போடுவீங்க?"

"தகட்டை மட்டும் மேடையில வச்சுத் திறக்கட்டும் சார். தாப்பாள் அது இருக்குற இடத்துல இருக்கட்டும்," என்றேன்.

அரை மணி நேரம் யோசித்துத் தகட்டுக்கு அவரே வாசகம் எழுதினார். 'மாணவியர் பாதுகாப்பு உபகரணங்கள்.' படித்துப் பார்த்தால் தீயணைப்பு வண்டி வாங்கிக் கொடுத்த மாதிரி இருந்தது. தகடு செய்து வந்தபோது கதவில் பாதி அகலம் இருந்தது. போகட்டும், தாழ்ப்பாள் வந்தால் சரி என்று வாயை மூடிக்கொண்டேன். நான் வாயை மூடிக்கொள்வது அபூர்வம், அதனால்தான் ஞாபகம் இருக்கிறது.

தாழ்ப்பாளை நானே பொருத்துகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தேன். என் அப்பா எலெக்ட்ரீஷியன். வீட்டில் சுவிட்ச் பெட்டியிலிருந்து அலமாரிக் கீல் வரை எனக்கு அத்துப்படி. திருப்புளியைக்கூடப் பையில் கொண்டுவந்திருந்தேன்.

"பொம்பளப் புள்ளைங்க அதெல்லாம் தொடக்கூடாதும்மா, கையில குத்திக்கும்," என்றார் சார். "சாவிக்கொத்து பாத்துப்பாரு."

சாவிக்கொத்து என்பது எங்கள் அலுவலக உதவியாளர். முப்பது வருடமாகக் காலையில் திறப்பதும் மாலையில் பூட்டுவதும்தான் அவர் தொழில். நல்ல மனிதர். இடுப்பில் சாவி குலுங்காமல் அவர் நடந்து நான் பார்த்ததில்லை.

விழாவுக்கு முந்தின நாள் மாலை, ஒத்திகை முடிந்து போகும்போது அவரைக் கேட்டேன். "அண்ணா, தாப்பாள் போட்டாச்சா?"

"அஞ்சும் போட்டாச்சும்மா. யானை கட்டி இழுத்தாலும் வராது," என்றார் பெருமையாக.

அன்று இரவு சாப்பிடும்போது பொடியிடம் சொன்னேன். "நாளைலேர்ந்து தாப்பாள் இருக்கு. யாரும் பிடிக்க வேணாம். நீயே போகலாம், நீயே வரலாம்."

"நிஜமாவா?"

"நான் எப்ப பொய் சொல்லிருக்கேன்?"

"நெறைய தடவ சொல்லிருக்க."

"இதுல சொல்ல மாட்டேன்டி. நாளைக்கு முழு பாட்டிலையும் குடிக்கணும். சத்தியம் பண்ணு."

என் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். அம்மா இருவர் தட்டிலும் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். அவளுக்குச் சந்தோஷம் வந்தால் சோறாகத்தான் வரும்.

இனி விழா.

பிரியாவிடை விழா என்பது என்னவென்றால், மூன்று வருடமாக ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காதவர்கள் எல்லாம் கட்டிப்பிடித்து அழுவது. எங்களுக்கு வெள்ளைச் சட்டை, அதில் எல்லோரும் மையால் கையெழுத்துப் போட வேண்டும். என் முதுகில் ஒருத்தி 'என்னை மறந்துவிடாதே' என்று எழுதினாள். அவள் யார் என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். பதினோராம் வகுப்பு எங்களுக்குப் பட்டங்கள் தந்தது. பளபளப்புத் துணிப்பட்டையில் எழுதி தோளில் மாட்டிவிட்டார்கள். ஸ்டைலுக்கு 'எதிர்கால நட்சத்திரம்'. இரண்டு முறை தோற்றுப்போன ஒருவனுக்கு 'விஞ்ஞானி'. எனக்கு 'வாய்க்கொழுப்பு ராணி'. அந்தப் பட்டத்துக்கு மட்டும்தான் தகுதி பார்த்துக் கொடுத்திருந்தார்கள். நிகழ்ச்சி நிரலில் கண்ணீருக்கென்று இருபது நிமிடம் ஒதுக்கி, விளக்கை அணைத்து, சோகமான இசையும் போட்டார்கள். ஸ்டைல் சரியான நேரத்துக்கு அழுதான்.

முதல் நிகழ்ச்சியே ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் வரவேற்பு நடனம். பொடி பட்டாம்பூச்சி. கம்பியில் துணி சுற்றிய மஞ்சள் இறக்கை இரண்டு, கதவகலத்துக்கு விரிந்தன. ஆடி முடித்துவிட்டு மேடையின் கீழே முன்வரிசையில் வந்து உட்கார்ந்தாள். நான் மேடை ஓரத்திலிருந்து பார்த்தபோது, தண்ணீர் பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்கி, கவிழ்த்துக் காட்டினாள். ஒரு சொட்டு விழவில்லை. முழுசாகக் குடித்திருந்தாள். எனக்கு அழுகை வந்தது. கண்ணீருக்கு ஒதுக்கிய நேரம் அது இல்லை என்பதால் அடக்கிக்கொண்டேன்.

பிறகு சிறப்பு விருந்தினர் வந்தார். ஒரு மணி நேரம் தாமதம், நீண்ட பயணம். கனத்த உருவம், கட்டையாக வெட்டிய நரைமுடி, பேருந்து ஹாரன் மாதிரி குரல். தகட்டின் திரையை விலக்கினார். கைதட்டல்.

"என்ன உபகரணம் சார் இது?" என்று தலைமையாசிரியரிடம் குனிந்து கேட்டார். மைக் பக்கத்திலேயே இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"பாதுகாப்பு சம்பந்தப்பட்டது மேடம்," என்றார் சார்.

"ஓ," என்றார் அந்த அம்மா. கேட்டவருக்கும் புரியவில்லை, சொன்னவர் புரியவைக்கவும் இல்லை.

இதெல்லாம் முடிந்து தங்கச் சாவிக்கு வந்தோம். இது எங்கள் பள்ளியின் உச்சக்கட்ட மரபு. ஆறடி நீளத்துக்கு அட்டையில் ஒரு சாவி செய்து, தங்கக் காகிதம் ஒட்டி, போகிற வகுப்பு வருகிற வகுப்புக்குக் கொடுக்க வேண்டும். அறிவின் வாசலைத் திறக்கும் சாவியாம். நன்றியுரை சொல்லி அதைக் கொடுக்கும் வேலை என்னுடையது. தாழ்ப்பாள் வாக்கெடுப்பில் தோற்ற கோபத்தில் ஸ்டைல்தான் என்னைக் கோத்துவிட்டிருந்தான், மனப்பாடம் செய்ய நாலு பக்கம்.

சாவியைத் தூக்கிக்கொண்டு மேடைப் படி ஏறப்போகும்போது யாரோ என் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். பொடி. இறக்கை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கால் மேல் கால் பின்னி நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா, பூட்டியிருக்கு."

"என்னது பூட்டியிருக்கு?"

"அஞ்சும். வெளில பூட்டு தொங்குது. ரெண்டு தடவ போய்ப் பாத்துட்டேன். முடியலக்கா."

சாவியோடு ஓடினேன். கழிப்பறையில் ஐந்து கதவிலும் புத்தம்புதுத் தாழ்ப்பாள், பளபளவென்று, வெளிப்பக்கம். ஒவ்வொன்றிலும் ஒரு பூட்டு. சாவிக்கொத்து வாழ்நாளெல்லாம் கதவை வெளியே நின்று பூட்டியவர். தாழ்ப்பாளை உள்ளே போட்டுக்கொள்ளவும் மனிதர்கள் இருப்பார்கள் என்று அவருக்கு யாராவது சொன்னால்தானே தெரியும்?

அவர் அரங்க வாசலில் நின்றிருந்தார். "அண்ணா, என்ன பண்ணி வச்சிருக்கீங்க? வெளில போட்டா எப்படி?"

"வெளில போட்டாத்தானேம்மா பூட்ட முடியும்?" அவருக்கு என் கேள்வியே விளங்கவில்லை. "பெரியவங்க வர்றாங்க, விழா முடியுறவரைக்கும் யாரும் உள்ள போயி அசிங்கம் பண்ணிடக் கூடாது, பூட்டிடுன்னு சார்தான் சொன்னாரு."

"சாவிய குடுங்க."

"சார் வாங்கிட்டாரே. ஆபீஸ் சாவியும் சேத்து."

ஆசிரியைகள் கழிப்பறை அலுவலகத்துக்குள் இருந்தது. அதற்கும் வழி அடைபட்டது. மேடையேறித் தலைமையாசிரியரின் காதில் சொன்னேன். அவர் அரங்கத்தைப் பார்த்துச் சிரித்தபடியே, உதட்டை அசைக்காமல், கோட்டுப் பையைத் தட்டிக்கொண்டு, "விழா முடியட்டும், இன்னும் முக்கால் மணி நேரம்தான்," என்றார். பிறகு மைக்கைத் தட்டி, "இப்போது தங்கச் சாவி!" என்றார்.

கீழே பார்த்தேன். பொடி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். என்னை நம்பித்தானே குடித்தாள்? என்னை நம்பி ஒரு பாட்டில் முழுக்கக் குடித்தவள், ஆயிரம் பேர் நடுவில், மஞ்சள் இறக்கையோடு நிற்கிறாள். இன்னும் கொஞ்ச நேரம் போனால், கதவு திறந்துகொண்ட அந்த நாள் இதற்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லாமல் போய்விடும். மனப்பாடம் செய்த நாலு பக்கமும் எந்தப் பக்கம் போயிற்று என்று தெரியவில்லை.

"எல்லாருக்கும் வணக்கம்," என்றேன் மைக்கில். "இந்தச் சாவி அட்டை. இது எதையும் தெறக்காது. நெஜமான சாவி அஞ்சு, சாரோட கோட்டுப் பாக்கெட்டுல இருக்கு. பொண்ணுங்க டாய்லெட் சாவி. என் தங்கச்சிக்கு அவசரம். சார், குடுங்க."

பையன்கள் பக்கம் விசில். தலைமையாசிரியர் ஓடிவந்து மைக்கைப் பொத்தினார். "அறிவு இருக்காம்மா உனக்கு? மேடையில பேசுற பேச்சா இது? மானம் போகுது!"

"மானம் போகக் கூடாதுன்னுதான் சார் கேக்குறேன்."

மைக்கைச் சரியாகப் பொத்த அவருக்குத் தெரியாது. எப்போதும் திறந்துவைத்தே பழக்கம். நான் சொன்னது அரங்கம் முழுக்கக் கேட்டது.

அப்போதுதான் சிறப்பு விருந்தினர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார். அந்த ஹாரன் குரலுக்கு மைக் தேவைப்படவில்லை.

"சார், எனக்கும் ஒரு சாவி குடுங்க."

"மேடம், உங்களுக்குத் தனியா ஏற்பாடு..."

"காலையில அஞ்சு மணிக்கு வண்டி ஏறினேன். வழியில ஒரு வாய்த் தண்ணி குடிக்கல. நூறு பஸ் ஓட்டுறவ, ஒவ்வொரு ஸ்டாண்டுலயும் எனக்கு ரூம் இருக்கு. ஆனா இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வர்றோம்னு நெனச்சதும் தன்னால குடிக்கலை. இங்க படிச்சவ சார். அந்தப் பழக்கம் போகல." கையை நீட்டினார். "அப்பவும் தாப்பாள் இல்ல. நாங்க கடிகாரம் வாங்கிக் குடுத்துட்டுப் போனோம். எங்க புத்திய செருப்பால அடிக்கணும்."

தலைமையாசிரியரின் கை கோட்டுப் பைக்குள் போய், சாவிகளோடு வெளியே வந்தது. முதல் வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். பிறகு எங்கள் வகுப்புப் பெண்கள் எல்லோரும், பிறகு வரிசை வரிசையாகச் சின்னப் பிள்ளைகள். எவ்வளவு பேர் அடக்கிக்கொண்டு உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள் என்று அன்றுதான் தெரிந்தது.

கழிப்பறைக் கதவுக்குள் பொடியின் இறக்கை நுழையவில்லை. அந்தப் பேருந்து அம்மாவே ஊக்கைக் கழற்றி, இறக்கையைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். பொடி உள்ளே ஓடினாள். நான் கதவைக் காலால் முட்டுக்கொடுத்தேன்.

"அக்கா, இருக்கியா?"

"இருக்கேன்."

நல்லவேளை, நேரத்துக்கு வந்துவிட்டோம். வெளியே வந்து கை கழுவினாள். என் முகத்தைப் பார்க்காமல், குழாயைப் பார்த்துச் சொன்னாள்:

"இனிமே தண்ணி குடிக்க மாட்டேன்கா."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அடுத்த பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் சொல்கிற குரலில் சொன்னாள். ஆயிரம் பேர் முன்னால் வாயடித்தவள் நான், அவளுக்குச் சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை. அவமானமாக இருந்தது.

வகுப்பறைக்கு ஓடிப்போய்ப் பையிலிருந்து திருப்புளியை எடுத்துவந்தேன். முதல் கதவின் தாழ்ப்பாளை வெளியிலிருந்து கழற்றினேன். சாவிக்கொத்து சொன்னது பொய்யில்லை, யானை கட்டி இழுத்தாலும் வராதுதான். நாலு திருகாணிக்குள் உள்ளங்கை தோலுரிந்துவிட்டது. உள்ளே பழைய துளைகள் தேய்ந்து அகலமாகிக் கிடந்தன, திருகாணி பிடிக்காமல் சும்மா சுற்றியது. இப்படித் துளை தளர்ந்தால் அப்பா தீக்குச்சியை முறித்துத் திணிப்பார். தீக்குச்சிக்கு எங்கே போவது? மேடையிலிருந்து கையோடு தூக்கிவந்த தங்கச் சாவி சுவரில் சாய்ந்து நின்றது.

அதன் பல்லைப் பிய்த்தேன். அட்டையைக் கிழித்துச் சுருட்டித் துளையில் திணித்து, திருகாணியை ஏற்றினேன். கச்சென்று பிடித்தது. பதினோராம் வகுப்புத் தலைவி பக்கத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

"அக்கா, அது எங்க சாவி."

"அடுத்த வருஷம் நீ புதுசா செஞ்சுக்கோ. இப்ப அந்த மூலையப் பிடி."

இதற்குள் ஸ்டைல் மூச்சிரைக்க ஓடிவந்து, பெண்கள் கழிப்பறை என்பதால் பத்தடி தள்ளி நின்று கத்தினான். "வெடி! குரூப் போட்டோ! போட்டோகிராஃபருக்கு வேற வேலை இருக்காம், எல்லாரும் வாங்க!"

"நீங்க எடுத்துக்கோங்கடா," என்றேன், வாயில் திருகாணியைக் கவ்விக்கொண்டு. பெண்கள் யாரும் வரிசையை விட்டு நகரவில்லை.

எடுத்துவிட்டார்கள். அந்தப் படம் இப்போது முப்பது கடிகாரத்துக்கும் நடுவில் தொங்குகிறது. பின்வரிசையில் இருபத்திரண்டு பையன்கள் விறைப்பாக நிற்கிறார்கள், ஓரத்தில் தலைமையாசிரியர், முன்வரிசையில் பத்தொன்பது காலி நாற்காலிகள். கீழே எங்கள் நாற்பத்தொரு பேரின் பெயரும் ஒன்று விடாமல் இருக்கிறது.

அதை நான் பிறகுதான் பார்த்தேன். அந்த நேரத்தில் முதல் கதவை முடித்துவிட்டு, பொடியை உள்ளே போகச் சொன்னேன்.

"எனக்கு இப்ப வரலையே."

"வர வேணாம். சும்மா போயி போட்டுப் பாரு."

போனாள். கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் டக்கென்று விழுந்தது. நான் பழக்கத்தில் காலை முட்டுக்கொடுத்துக்கொண்டே நின்றேன். பேருந்து அம்மா இரண்டு மஞ்சள் இறக்கையையும் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். உள்ளே கதவை இழுத்துப் பார்க்கும் சத்தம் கேட்டது, ஒருமுறை, மறுமுறை, மூன்றாவது முறை ஓங்கி. கதவு அசையவில்லை. 'இருக்கியா' என்று கேட்பாள், 'இருக்கேன்' என்று சொல்லலாம் என்று வாயைத் திறந்தபடி காத்திருந்தேன்.

"நீ போக்கா," என்றாள் பொடி.